இருபத்து மூன்றாம் நிமிடம்

மூன்றாவது எபிசோடின் பதினோராம் நிமிடத்தில் அந்தப் பறக்கும் ஆமை முதல்முறையாகக் கண்ணைச் சிமிட்டியது. மாசிலாமணி நோட்டில் 'ஆமை நன்று' என்று எழுதினார். எழுதிய பிறகு, நன்று என்றால் யாருக்கு நன்று என்று ஒரு கேள்வி எழுந்து, பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பெரம்பூரில் மூன்றாம் மாடி வீடு, ஏப்ரல் மாதத்துப் பகல் ஒன்றரை, மின்விசிறி மேலேயிருக்கிற சூட்டைக் கீழே இறக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, மனைவி அமிர்தம் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள், வீட்டில் அவரும் லேப்டாப்பும்தான். 'உப்புமலை ராஜ்ஜியம்' என்று பெயர். சிறுவர்களுக்கான புதிய அனிமேஷன் தொடர், மாயாஜாலக் கதை, ஏழு எபிசோடு, வெள்ளிக்கிழமை வெளியாகிறது. கடலுக்கடியில் உப்பாலான ஒரு மலை, அதற்குள் ஒரு ராஜ்ஜியம், காணாமல்போன அக்காவைத் தேடி அங்கே போகிற நீலவல்லி என்ற பத்து வயதுப் பெண், அவளைச் சுமந்துகொண்டு பறக்கிற ஆமை. பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு எபிசோடின் ஆரம்பத்திலும் 'எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை' என்று ஒரு வரி வந்து போனது. அந்த வரி வரும்போதெல்லாம், தன்னுடையது இல்லாத வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவர் மாதிரி அவருக்கு ஒரு கூச்சம். ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷமாக அதே வாரப் பத்திரிகையில் சிறுவர் படங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் அவர்தான் விமர்சனம். நீலவல்லி கடலுக்குள் விழுகிறாள், தலைமுடி அசையவே இல்லை, தண்ணீருக்குள்ளும் பசை போட்டு ஒட்டினதுபோல இருக்கிறது, அதை எழுதலாம், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை முடியையா பார்க்கும்? ஆமை சிமிட்டினதைப் பார்க்குமா? பார்த்தால் சிரிக்குமா? அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரிந்தது. முன்பெல்லாம் பக்கத்தில் சுடர்விழி இருந்தாள்.

சுடர்விழி அவருடைய ஒரே மகள். இப்போது இருபத்தைந்து வயது, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள், ஆனால் அந்தப் பழுப்பு சோபாவின் இடது ஓரம் இன்னும் அவள் ஏழு வயதில் உட்கார்ந்த இடமாகத்தான் அவருக்கு இருந்தது, யாராவது விருந்தாளி அங்கே உட்கார்ந்தால் ஒரு கணம் மனசு முகம் சுளிக்கும். மடியில் பொரிக் கிண்ணம், ஒரு காலை மடித்துப் போட்டு இன்னொரு காலைத் தொங்கவிட்டு, படத்தில் யாராவது ஓடினால் அந்தக் கால் தானாக ஆடும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு முதன்முதலில் அந்த யோசனை வந்தது. திரையை எதற்குப் பார்க்க வேண்டும், இந்தக் காலைப் பார்த்தால் போதுமே. கால் நின்றுவிட்டால் படம் இழுக்கிறது என்று அர்த்தம். பொரி எடுக்கிற கை பாதி வழியில் நின்றால் காட்சி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவர் எழுதிய மற்றவற்றை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் 'எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி' என்று வருகிற அந்த விமர்சனங்களை வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள், தொகுத்து ஒரு புத்தகம்கூட வந்தது. ஒட்டகக்குட்டிப் படத்துக்கு எழுதினதைப் பற்றி மட்டும் நாற்பது கடிதம். அது நல்ல காலம், என்று நினைத்தார், நினைத்த அதே மூச்சில் அந்த நோட்டுப்புத்தகம் வந்துவிட்டது, அது எப்போதும் இப்படித்தான் வரும், நல்ல காலம் என்ற சொல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்ததுபோல. சுடருக்குப் பத்து வயது. நாற்பது பக்க நோட்டில், மேகத்தில் ஓட்டை விழுந்து அதன் வழியாக ஒரு ஊரே கீழே சொட்டுகிறதாக ஒரு கதை, பக்கத்துக்குப் பக்கம் படம், ஊதா கலர் பென்சில் தீர்ந்துபோய் கடைசிப் பக்கங்களில் எல்லாம் பச்சை. கொண்டுவந்து நீட்டி, "உங்க பத்திரிகையில போடுவீங்கல்ல, அதே மாதிரி ஸ்டார் போடுங்கப்பா" என்றாள். அவர் படித்தார். நேர்மையாகப் படித்தார், அதுதான் கேடு. கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையில், இரண்டு முழு நட்சத்திரம், ஒரு பாதி. பக்கத்தில் 'பின்பாதி சற்றே தொய்வு' என்று எழுதினார். சற்றே! ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் 'சற்றே'! அவள் வாங்கிப் பார்த்தாள், "ரெண்டரையா" என்றாள், "சரிப்பா" என்றாள், போய்விட்டாள். அமிர்தம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? ஒரு அஞ்சு போட்டா பேனா தேஞ்சிடுமா?" என்று கேட்டாள், அவர், "பொய் சொல்லச் சொல்றியா?" என்றார், அதற்குப் பிறகு இரண்டு நாள் அமிர்தம் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு சுடர் வரையவும் இல்லை. வரையவில்லை என்பது உடனே தெரியவில்லை, இல்லாத ஒன்று எப்படி உடனே தெரியும், ஒரு வருஷம் கழித்து ஒருநாள் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது கலர் பென்சில் டப்பா அப்படியே தூசியோடு கிடப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதினைந்து வருஷமாக அந்தப் பாதி நட்சத்திரம் மட்டும் அவரை விடவில்லை. ஒன்றும் போடாமல் விட்டிருக்கலாம். மூன்றாகவாவது போட்டிருக்கலாம். பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாரோ சம்பந்தமில்லாமல் இரண்டரை லிட்டர், இரண்டரை மணி என்று சொல்லும்போது.

நான்காவது எபிசோடு தானாகவே ஓட ஆரம்பித்திருந்தது. உப்பு ராணி வருகிறாள், இவள்தான் கெட்டவள், எல்லாருடைய பெயர்களையும் பிடுங்கி ஜாடிகளில் போட்டு வைத்திருக்கிறாள், பெயரை இழந்தவர்கள் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். இது நல்ல கற்பனைதான், ஆனால் உடனே ஆமை, "பெயரைவிட நட்பே பெரிது, நீலவல்லி!" என்கிறது, ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருவர் இப்படி நின்று ஒரு புத்திமதி சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள், வாயசைவு வேறு ஒரு நொடி பிந்தி வருகிறது. 'புத்திமதி மிகுதி' என்று எழுதினார். பிள்ளைகளுக்கு அது உறுத்துமா, அல்லது காதில் விழாமலே போய்விடுமா? குணசீலன் காலையிலேயே கூப்பிட்டிருந்தான். அவன் பத்திரிகையின் புது ஆசிரியர், முப்பத்தைந்து வயது, மரியாதையான பையன், மரியாதையாலேயே பயமுறுத்துவான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன ரெண்டு மூணு விமர்சனமும் கொஞ்சம் பெரியவங்க பார்வையில இருக்குன்னு வாசகர்கள் சொல்றாங்க. பழைய மாதிரி, ஒரு குழந்தை பார்த்தா என்ன பண்ணும்னு எழுதுவீங்களே, அப்படி வேணும் சார். அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க." பழைய மாதிரி. பழைய மாதிரி எழுதப் பழைய பிள்ளை வேண்டுமே. ராணி தனியாக உட்கார்ந்து தலை வாரிக்கொள்கிறாள், சீப்பில் உப்புத் துகள் உதிர்கிறது, வசனம் இல்லை, இசையும் இல்லை, அந்தச் சரசரப்பு மட்டும், அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், எதற்காக நிமிர்ந்தோம் என்று யோசிப்பதற்குள் காட்சி முடிந்துவிட்டது. ஐந்தாவது எபிசோடு. நீலவல்லி அழுகிறாள். இங்கே பிள்ளைகள் அழுவார்களா? பழக்கத்தில் கழுத்து இடது பக்கம் திரும்பியது, சோபாவில் மடிக்காத துணிகள் கிடந்தன. அப்போதுதான் ஒரு பயம், சின்னதாக, பல்லிடுக்கில் மாட்டின நார்போல வந்து உறுத்தியது. எனக்கு எப்போதாவது தெரிந்திருக்கிறதா? அந்தக் கால் ஆடாமல், அந்தக் கை நிற்காமல், நானாகவே ஒன்றைப் பார்த்து இது நல்லது என்று ஒருதரமாவது அறிந்திருக்கிறேனா? அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்க அவருக்குத் தெம்பில்லை. மணி இரண்டு இருபது. சுடருக்குச் சாப்பாட்டு நேரம். போனை எடுத்தார்.

"என்னப்பா, இந்த நேரத்துல? அம்மா நல்லா இருக்காங்கல்ல?" என்றாள் சுடர். பின்னால் ஆஸ்பத்திரி கேன்டீன் சத்தம், தட்டுகள் மோதுகிற ஒலி. "நல்லா இருக்கா, பேப்பர் திருத்தப் போயிருக்கா. ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு கார்ட்டூன் வந்திருக்கு. நீ ஒரு எபிசோடு பாத்துட்டு சொல்றியா? இருபத்து நாலு நிமிஷம்தான். உனக்குச் சின்ன வயசுல எப்படித் தோணியிருக்கும்னு." "எனக்கா? எனக்கு இருபத்தஞ்சு வயசுப்பா" என்று சிரித்தாள். எதற்கு அப்போது அதைச் சொன்னார் என்று பிறகு எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை, பதினைந்து வருஷம் சொல்லாததை ஒரு கேன்டீன் இரைச்சலுக்குள் சொன்னார்: "அந்த நோட்டுல நான் ரெண்டரை போட்டிருக்கக் கூடாதும்மா." "எந்த நோட்டு?" "மேகத்துல ஓட்டை விழுமே. நீ வரைஞ்சது. ஸ்டார் போடச் சொன்னியே." அவள், "ஐயோ, அதுவா! அப்பா, அதுல பாதிப் படம் என் ஃப்ரெண்ட் ரேணு வரைஞ்சது. கதையும் அவளோடதுதான். நான் கலர் மட்டும் அடிச்சேன். ரெண்டரை போட்டீங்களா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். "அதுக்கப்புறம் நீ வரையவே இல்லையே?" "ரேணு வீடு மாத்திட்டுப் போயிட்டா. தனியா வரைய போர் அடிச்சுது. அதையா இத்தன நாளா மனசுல வெச்சிருந்தீங்க?" பதினைந்து வருஷமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையை ஒருத்தி பிரித்துப் பார்த்து உள்ளே வெறும் பழந்துணி என்று சொன்னால், நிம்மதி வர வேண்டும். வந்தது. வந்து பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அவள் இன்னும் எதையோ மென்றுகொண்டிருந்தாள், அது சோறு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. "என்னம்மா?" "ஒண்ணுமில்லப்பா." "சொல்லு." "விடுங்கப்பா, வேலை நேரத்துல." "சொல்லு சுடர்." அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஒட்டகக்குட்டிப் படம் ஞாபகமிருக்கா? தியேட்டர்ல பாத்தோமே. அம்மா ஒட்டகம் மணலுக்குள்ள போயிடும். எனக்கு அழுகை வந்துடுச்சு. உங்க கையப் பிடிச்சுக்கலாம்னு திரும்பினேன். நீங்க படத்தப் பாக்கல. என்னையப் பாத்துட்டு இருந்தீங்க. மடியில நோட்ட வெச்சுக்கிட்டு மணியப் பாத்து எழுதினீங்க."

சுடர் தொடர்ந்தாள். "அடுத்த வாரம் பத்திரிகையில வந்துச்சு. இருபத்து மூணாம் நிமிஷத்துல எட்டு வயசுச் சிறுமி ஒருத்தி அழுதாள், அதுதான் இந்தப் படத்தோட வெற்றின்னு. எங்க மிஸ் வகுப்புல வாசிச்சுக் காட்டினாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சுப்பா. கோவம்னு சொல்ல முடியாது. பாத்ரூம் கதவ யாரோ திறந்துட்ட மாதிரி. அதுக்கப்புறம் நான் அழல. நீங்க எங்க சிரிக்கணும்னு எதிர்பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும், பேனா மூடியக் கழட்டுவீங்க, அங்க சிரிச்சுடுவேன்." "எல்லாமேவா?" என்றார் அவர். "முக்கால்வாசி. பால்கோவா வாங்கித் தருவீங்கல்ல, நல்லா எழுதின அன்னிக்கு" என்று சொல்லி மறுபடியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இப்பவும் ஃப்ரெண்ட்ஸோட படத்துக்குப் போனா, பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்குச் சட்டுனு தெரியாதுப்பா. யாராவது என்னையப் பாக்கறாங்களான்னு மொதல்ல பாப்பேன். பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. எனக்கும் இப்ப அதே வேலைதான், பேஷன்ட் முகத்தப் பாத்துத்தான் எவ்வளவு வலிக்குதுன்னு கண்டுபிடிக்கிறேன். ஆனா சொல்லிட்டுத்தான் பாப்பேன்." யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன் வரேன்... அப்பா, அடுத்த பேஷன்ட் வந்துட்டாங்க. அந்த லிங்க் எல்லாம் அனுப்பாதீங்க, என்ன? சித்திரை ஒண்ணுக்கு ஊருக்கு வரேன்." "வா" என்றார். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், மன்னிச்சுடும்மா என்றாவது, ஆனால் நோட்டுக்காகத் தயாராக வைத்திருந்த மன்னிப்பு இதற்குப் பொருந்தவில்லை, அளவு வேறாக இருந்தது. வைத்துவிட்டாள்.

லேப்டாப் திரை தானாக இருண்டுபோயிருந்தது. அவர் தொடவில்லை. மாடிப்படியில் யாரோ தண்ணீர் கேனை ஒவ்வொரு படியாக இடித்து ஏற்றுகிற சத்தம் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று ஏறி இவர் வாசலைத் தாண்டி மேலே போனது. இருபத்து மூன்றாம் நிமிடம். அந்த வரியை எழுதியது நன்றாக நினைவிருந்தது, எழுதியபோது வந்த சந்தோஷம்கூட, 'அழுதாள்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டது வரைக்கும், ஆனால் அவள் திரும்பியது நினைவில் இல்லை. எவ்வளவு தோண்டியும் இல்லை. பிள்ளை கை நீட்டியிருக்கிறது. அவருடைய கையில் பேனா இருந்திருக்கிறது. படத்தில் அந்த அம்மா ஒட்டகம் எப்படி மணலில் புதைந்தது? அதுவும் தெரியவில்லை, பார்த்திருந்தால்தானே தெரியும். அப்படியென்றால் அந்த நாற்பது கடிதம்? தொகுப்புப் புத்தகம்? பால்கோவாவுக்காக ஒரு சின்னப் பெண் சிரித்த சிரிப்பை நிமிடக் கணக்காகக் குறித்து, அதை வைத்து யார் யாரோ கண் விழித்து வரைந்த படங்களுக்கு மேலே, கீழே என்று இடம் போட்டிருக்கிறார். வேடிக்கையாக இருந்தது. சிரிக்கலாமா என்று பார்த்தார். உதடு கோணியது, அதற்குள் கண்ணுக்குள் எரிந்தது, வியர்வைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு துண்டால் துடைத்தார். தவறு என்று எதை நினைத்து இத்தனை வருஷம் வருந்தினாரோ அது தவறே இல்லை. தவறு வேறெங்கோ, அவர் பெருமைப்பட்ட இடத்தில், யாரும் தொடாமல் பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. இன்றைக்கும் என்ன செய்தார்? போனைப் போட்டு அதே பெண்ணை, அதே வேலைக்கு, இருபத்து நாலு நிமிஷம்தான் என்று கூப்பிட்டார். அவள் மறுக்காமல் இருந்திருந்தால் முகத்தைக் காட்டு, வீடியோவில் வா என்றுகூடக் கேட்டிருப்பார். கேட்டிருப்பார் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்றே கால் மணிக்கு ஆறாவது எபிசோடைப் போட்டார், பிறகு ஏழாவது. நோட்டை மூடி டீபாயின் அடித்தட்டில் வைத்துவிட்டார். சும்மா பார்ப்பது அவ்வளவு சிரமமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மனசு எழுந்து நடந்துபோய் யாரோ ஒரு பிள்ளையின் முகத்தைத் தேடியது, ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. அப்படியும் பாதிக்கு மேல் தப்பிப்போனது. நீலவல்லி அக்காவைக் கண்டுபிடிக்கிறாள், அக்காவின் பெயர் ஜாடியில் இருக்கிறது, ஜாடியை உடைக்கிறாள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆமை மறுபடி ஒரு புத்திமதி சொன்னது, எரிச்சல் வந்தது, எரிச்சல் தன்னுடையதுதானா என்று திருப்பிப் பார்த்தார், ஆமாம், தன்னுடையதுதான். அந்த அளவுக்காவது ஒன்று சொந்தமாக இருந்தது. நாலேகாலுக்கு எழுத உட்கார்ந்தார். 'எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு இத்தொடர் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது' என்று முதல் வரி வந்தது. 'நான் ஐம்பத்தேழு வயதுக்காரன். நான்காவது எபிசோடில் உப்பு ராணி தனியாகத் தலை வாரிக்கொள்ளும் இடத்தில் எனக்குப் பயமாகவும் பாவமாகவும் இருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் தோன்றவில்லை. ஆமை அதிகம் பேசுகிறது.' முன்னூறு வார்த்தை கேட்டிருந்தார்கள், நூற்றுப் பத்துக்கு மேல் உண்மையாக எழுத அவரால் முடியவில்லை, அனுப்பிவிட்டார். ஐந்து ஐந்துக்குக் குணசீலன் கூப்பிட்டான். "சார், என்ன சார், 'எனக்கு, எனக்கு'ன்னு இருக்கு? அந்தக் குழந்தை எங்க சார்?" "இல்ல குணசீலன்." "இல்லன்னா? யாராவது பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வெச்சு..." "வேண்டாம்ப்பா." அவன் மரியாதையாகவே, "இந்த வாரம் போட்டுடறேன் சார். அடுத்த மாசத்துலேருந்து வேற ஒருத்தரைப் பழக்கலாம்னு இருக்கோம்" என்றான். "பழக்குங்க. பழக்கறவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, வீட்டுப் பிள்ளைங்களை வெச்சு எழுத வேண்டாம்னு" என்றார். அவனுக்குப் புரியவில்லை. "சரி சார்" என்றான்.

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாளே சுடர் வந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், பழைய கண்ணாடியை மாற்றியிருந்தாள், போனில் பேசினதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை. மறுநாள் பாயசச் சாப்பாடு முடிந்த மதியம், அமிர்தம் டிவியில் எதையோ தேடிக்கொண்டே வந்து, "ஏய், இது அப்பா எழுதின கார்ட்டூன்டி, பாப்போமா?" என்றாள். "போடும்மா" என்றாள் சுடர். அவள் சோபாவில் உட்கார்வதும் ஒரு காலை மடிப்பதும் அவருக்குத் தெரிந்தது. எதிரில் அவருடைய நாற்காலி, அங்கிருந்து திரை ஓரமாகத்தான் தெரியும், சோபா முழுசாகத் தெரியும். அதை அப்படிப் போட்டது யார் என்று நினைவில்லை, அவராகத்தான் இருக்கும். எழுந்தார். "நீங்களும் உக்காருங்கப்பா" என்றாள் சுடர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாத்தாச்சும்மா, பாத்திரம் கிடக்கு" என்று அடுப்படிக்குப் போனார். "பாருடி, இன்னிக்கு மழைதான்" என்று அமிர்தம் சொல்வது கேட்டது. பாயசம் ஒட்டின உருளியைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தார். அடிப்பிடித்த இடம் விடவில்லை, நார் போட்டுத் தேய்த்தார். ஹாலிலிருந்து ஆமையின் குரல், நீலவல்லியின் குரல், அலைச் சத்தம், எல்லாம் கலந்து தண்ணீர் விழுகிற இரைச்சலுக்குள் வந்தன, எந்த எபிசோடு, எந்த இடம் என்று ஒன்றும் பிரியவில்லை. அப்போது சுடர் சிரித்தாள். சத்தமாக, மூக்கால் ஒரு சீறலோடு ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கி, திரும்பவும். அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. கை குழாயை மூடப் போனது. மூடினால் கேட்கும். கதவோரம் இரண்டு அடி வைத்தால் தெரியும். மாசிலாமணி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.